மரத்தில் வட்டம் வெட்டுமுன்

ஒலிபெருக்கிப் பெட்டிக்கும், சமையலறைப் பலகையில் பதிக்கும் சிங்குக்கும் பெரிய வட்டத் துளையை வீட்டிலேயே வெட்டிக்கொள்ளும் வழக்கம் உடையார்கட்டுப் பக்கத்தில் பெருகியிருப்பது மெச்சத்தக்கதே. ஆயினும், பலகையைக் காலால் மிதித்து, ட்ரில்லை ஒற்றைக் கையில் பிடித்து, நான்கங்குல வட்டவாளை முழு வேகத்தில் இறக்கும் காட்சியை அடிக்கடி காண நேர்கையில் மனம் பதைக்கிறது.

இங்கே ஆபத்து இரட்டிப்பானது. போரின்போது, 2009 சனவரியில் பாதுகாப்பு வலயமென அறிவிக்கப்பட்ட நிலத்தில் உடையார்கட்டும் அடங்கியது. அந்த வலயத்திலும் செல் விழுந்தது. அக்காலத்து வேம்பிலும் பாலையிலும் தைத்த துண்டுகளின் மேல் பட்டை வளர்ந்து மூடியிருக்கலாம். வாளின் பல் அத்தகைய இரும்பில் சிக்கினால், வாள் நிற்கும். ட்ரில் சுழன்று மணிக்கட்டை முறுக்கும். ஆகையால் மரக்காலையிலிருந்து வந்த பழைய மரமாயின், இழைத்த முகத்தில் கருநீலக் கறை உண்டோவெனப் பாருங்கள். இரும்பும் மரத்தின் துவர்ப்பும் கூடுமிடத்தில் அந்தக் கறை தோன்றும். காந்தமும் ஓட்டுங்கள்; பித்தளை அதற்கு அகப்படாதாதலால், உலோகம் காட்டும் கருவி கிடைத்தால் உத்தமம். வெடிக்காத பொருளெனச் சந்தேகம் எழுந்தால் தொடாமல் விலகி 119க்கு அறிவியுங்கள்.

பலகையைக் கிளாம்பால் மேசையோடு இறுக்குங்கள். நடுத்துளையை மறுபுறம் வரை விட்டு, மெதுவான வேகத்தில் ஒரு பக்கம் பாதியும், புரட்டி மறுபக்கம் மீதியும் வெட்டினால் விளிம்பு பிசிறாது. பன்னிரண்டங்குல ஸ்பீக்கருக்குப் பன்னிரண்டங்குலத் துளை வெட்டினால் ஸ்பீக்கர் உள்ளே விழுந்துவிடும்; விளிம்பை விட்டு உட்கூட்டை அளந்து வட்டம் வரைந்து, கோட்டுக்கு உட்புறமாக ஜிக்சோவால் வெட்டி, அரத்தால் தேயுங்கள். கையுறை வேண்டாம், சுழலும் வாள் அதைக் கையோடு இழுக்கும். கிளாம்பு இல்லையேல் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

வீட்டு வேலைக்கு இவ்வளவு. பட்டறையில் கூலிக்கு நின்று விரலிழந்தவருக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதை அறியாமலே பலர் வீடு திரும்புகிறார்கள். விபத்து நேர்ந்தால் முதலில் 1990 அம்புலன்சை அழையுங்கள், அது இலவசம். வைத்தியசாலை தரும் நோய்நிர்ணய அட்டையில் காயம் வேலையில் ஏற்பட்டதென எழுதுவித்து, அதன் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். விபத்தின் நாள், நேரம், கண்டவர் பெயர், சம்பளம் ஆகியவற்றைக் குறித்து முதலாளிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். ஒரு பிரதி தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்குப் போகட்டும். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். 1988இன் 16ஆம் திருத்தத்தின்படி வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. வேறு மொழியில் எழுதிவரச் சொல்லித் திருப்பியனுப்பும் கந்தோரில், அந்த மறுப்பையே எழுத்தில் தரும்படி கேளுங்கள். சில ஆயிரம் ரூபாயைக் கையில் திணித்து நீட்டப்படும் தாளில், ஆணையாளரிடம் விசாரிக்குமுன், கையொப்பம் இடாதீர்கள்.