திருவான்மியூரில் நில மதிப்பீடு: வழிகாட்டி மதிப்பும் சந்தை மதிப்பும்

முன்னுரை

நில ஆவணங்களில் ‘மதிப்பு’ என்னும் சொல் பல பொருள்களில் வழங்குகின்றது. அவற்றுள் வழிகாட்டி மதிப்பு, சந்தை மதிப்பு ஆகியவற்றின் வேறுபாட்டையும், அதனால் நில உரிமையாளர்க்கு நேரும் விளைவையும் திருவான்மியூரை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகின்றது.

வழிகாட்டி மதிப்பு

முத்திரைத் தீர்வை கணக்கிடுவதற்காகப் பதிவுத்துறை தெருவாரியாகவும் புல எண் வாரியாகவும் வரையறுக்கும் தொகையே வழிகாட்டி மதிப்பாகும். இது அரசின் முடிவால் மாறுவது. 2017 ஜூன் 9 முதல் தமிழகமெங்கும் இம்மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. பதிவுக் கட்டணம் 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஆயினும் அன்று எந்தத் தெருவிலும் நில விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்துவிடவில்லை. இத்தகைய மதிப்புப் பதிவேட்டைக் கொண்டு சந்தை மதிப்பை முடிவு செய்ய இயலாது என்று ஜவாஜி நாகநாதம் வழக்கில் (1994) உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது.

மதிப்பீட்டாளரின் பணி

சந்தை மதிப்பை அறிய, மதிப்பீட்டாளர் அண்மையில் விற்பனையான ஒத்த சொத்துகளை ஒப்பிடுகின்றார். திருவான்மியூரில் பிரதான சாலை முகப்பு, உட்தெருவின் அகலம், கடலோர ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடு ஆகியன கருதப்படும். அடுக்ககமாயின் பிரிபடாத பாகமே முதன்மையானது. ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், சம அளவுள்ள நான்கு வீடுகள் இருப்பின் ஒவ்வொன்றுக்கும் உரிய நிலம் 600 சதுர அடி. கட்டடம் ஆண்டுதோறும் தேய்மானமடையும். நிலப்பங்கு நிலைத்து நிற்கும்.

ஒப்பீட்டுக்குக் கிடைக்கும் முதன்மைச் சான்று கிரயப் பத்திரமே. தீர்வையைக் குறைக்கும் பொருட்டு, கைமாறிய தொகையை எழுதாமல் வழிகாட்டி மதிப்பையே எழுதிவிடும் வழக்கம் இச்சான்றைப் பழுதாக்குகின்றது.

இழப்பீட்டில் விளைவு

கிழக்குக் கடற்கரைச் சாலையைத் திருவான்மியூர் முதல் அக்கரை வரை விரிவாக்க நிலங்கள் கையகப்படுத்தப்பட்டுள்ளன. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், பிரிவு 26இன்படி, முத்திரைச் சட்டத்திற்குரிய மதிப்பு, முந்தைய மூன்றாண்டுப் பத்திரங்களுள் உயர்விலை காட்டும் பாதியின் சராசரி ஆகியவற்றுள் மிகுதியானது சந்தை மதிப்பாகக் கொள்ளப்படும். அண்டை நிலத்தார் பத்திரங்களில் தொகையைக் குறைத்தெழுதியிருப்பின் அச்சராசரி தாழும். தீர்வையை மிச்சப்படுத்தியவர் ஒருவர். நிலத்தை இழந்து குறைந்த இழப்பீடு பெறுபவர் மற்றொருவர்.

முடிவுரை

கிரயத் தொகையை விலையின் நேர்ச்சான்றாகக் கொள்ளலாகாது. நகர வரலாற்றுக்கும் பொருளியல் ஆய்வுக்கும் பத்திரங்களைப் பயன்படுத்துவோர், பதிவு நாளில் நடைமுறையிலிருந்த வழிகாட்டி மதிப்புடன் அத்தொகையை ஒப்பிட்ட பின்னரே முடிவு காணுதல் வேண்டும்.