நீரைப் பீச்சி விரையும் ஊர்திகள்

நீந்துபவர் தம் கைகளால் நீரைப் பின்னோக்கித் தள்ளுகிறார். நீர் அவரை முன்னோக்கித் தள்ளுகிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது நியூட்டன் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட மூன்றாம் விதி. நீருக்குள் செல்லும் ஊர்திகளும் இவ்விதியைப் பயன்படுத்தியே இயங்குகின்றன.

கடலில் வாழும் கணவாயைக் காண்போம். அது தன் உடலைப் போர்த்திய தசைப்பைக்குள் நீரை நிரப்பிக்கொள்கிறது. பகை நெருங்கினால் தசையை இறுக்கி, அந்நீரைச் சிறு குழல் வழியே வேகமாகப் பீச்சுகிறது. நீர் ஒரு திசையில் பாய, கணவாய் எதிர்த்திசையில் விரைகிறது. குழலைத் திருப்பித் தான் செல்லும் திசையையும் மாற்றிக்கொள்கிறது.

நீரைப் பீச்சும் ஊர்தியில் தசையின் பணியைப் பம்பு செய்கிறது. முதலில் நீர் குழாய்க்குள் நுழைகிறது. அங்குச் சுழலும் இறக்கைகள் அதனை வேகப்படுத்துகின்றன. பின்னர் அது குறுகிய வாய் வழியே பின்னோக்கிப் பாய்கிறது. இறக்கைகள் குழாய்க்குள் மறைந்திருப்பதால், அருகில் நீந்தும் உயிர்கள் அவற்றில் அடிபடும் இடர் குறைவு.

அப்படியாயின், எல்லா ஊர்திகளும் இம்முறையை ஏன் பின்பற்றவில்லை? அசையாமல் நிற்கும் ஓர் ஊர்தி புறப்படுவதாகக் கொள்வோம். அது ஒரு நொடியில் 10 கிலோகிராம் நீரை, நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தள்ளினால் 20 நியூட்டன் விசை கிடைக்கும். 2 கிலோகிராம் நீரை 10 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் அதே விசைதான். ஆனால், நீருக்கு அளிக்க வேண்டிய ஆற்றல் முதல் முறையில் 20 ஜூல். இரண்டாம் முறையில் 100 ஜூல். விசை ஒன்றே, செலவோ ஐந்து மடங்கு! மின்கலத்தை நம்பி நெடுந்தொலைவு செல்லும் ஊர்திக்கு இது பெரிய இழப்பு. எனவே, மிகுந்த நீரை மெதுவாகத் தள்ளும் பெரிய சுழல்விசிறியே அதற்கு ஏற்றது.

நீர்மூழ்கிப் போர்க்கப்பலின் தேவை வேறு. விசிறி வேகமாகச் சுழலும்போது, அதன் இறக்கைகளின் மேல் அழுத்தம் மிகவும் குறைந்தால் நீராவிக் குமிழிகள் தோன்றி உடைந்து ஓசை எழுப்பும். அவ்வோசை கப்பல் இருக்குமிடத்தைப் பகைவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே, அமெரிக்காவின் வர்ஜீனியா வகைக் கப்பல்களிலும் பிரிட்டனின் வான்கார்டு வகைக் கப்பல்களிலும் இறக்கைகளை அகன்ற உறைக்குள் அமைத்து ஓசையைக் குறைத்துள்ளனர். உறை அகன்றிருப்பதால் மிகுந்த நீரையும் தள்ள முடிகிறது.

கணவாயும் இக்கணக்கை அறிந்ததுபோலவே நடந்துகொள்கிறது. உயிர் தப்ப வேண்டும்போது முழு வலிமையுடன் நீரைப் பீச்சுகிறது. மெதுவாகச் செல்லும்போது தன் துடுப்புகளை அசைத்து நீந்துகிறது.