புது வண்டிக்குச் செயின் பார்ப்பது எப்படி?

(வானொலியில் விவசாயிகளுக்காக ஆற்றிய உரை)



உரம், விதை, பூச்சிமருந்து என்று பேசுகிறவன் இன்றைக்குச் செயினைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் இருக்கிறது.

போன மாதம் மாங்காட்டுப் பக்கம் ஒரு பூந்தோட்டத்துக்குப் போயிருந்தேன். மல்லிகையில் மொட்டுப்புழு விழுந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று அழைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் தோட்டத்து வாசலில் புத்தம் புதிதாக ஒரு நாற்சக்கர மோட்டார் சைக்கிள் நிற்கிறது. வெளிநாட்டில் செய்தது. மரச்சட்டப் பெட்டியில் வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. எரு மூட்டையும் பூக்கூடையும் வரப்போரமாக இழுத்துப் போவதற்கென்று அந்த வீட்டுப் பையன் வாங்கியிருக்கிறான்.

"சார், முதல் நாள் நல்லாத்தான் ஓடிச்சு. ரெண்டாம் நாளே கடகடன்னு சத்தம். செயின் லூஸா இருந்துச்சு, நானே இழுத்து டைட் பண்ணிட்டேன். இப்ப சத்தம் இல்லை. ஆனா இன்ஜின் பக்கம் எண்ணெய் கசியுது" என்றான்.

செயினைத் தொட்டுப் பார்த்தேன். வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இருந்தது. புழுவைப் பார்ப்பதற்கு முன்னால் செயினைப் பார்க்கும்படி ஆயிற்று. அன்றைக்கு அந்தப் பையனுக்குச் சொன்னதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

நாற்சக்கர வண்டி நம் ஊரில் ஒரு சிலரிடம்தான் இருக்கும். ஆனால் பால் கேனும் கீரைக்கட்டும் ஏற்றிப் போகிற மோட்டார் சைக்கிள் இல்லாத தெரு உண்டா? இரண்டுக்கும் செயின் ஒன்றுதான், விதியும் ஒன்றுதான். அதனால் எல்லோருமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி வந்த கதை

1970-ல் ஜப்பானின் ஹோண்டா கம்பெனி குண்டு டயர் போட்ட மூன்று சக்கர வண்டி ஒன்றை அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தது. மணலிலும் சேற்றிலும் ஓடும் என்பதால் பலர் வாங்கினார்கள். ஆனால் திருப்பத்தில் கவிழ்ந்து பலர் அடிபட்டதால், 1988-ல் அங்கே மூன்று சக்கர வண்டி விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 1982-ல், சுசுகி கம்பெனி நான்கு சக்கரம் வைத்த வண்டியைக் கொண்டுவந்துவிட்டது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் ஆட்டு மந்தையைச் சுற்றி வருவதற்கும் வேலி பார்ப்பதற்கும் பண்ணைக்காரர்கள் இதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

செயினோ நமக்குப் புதிதே அல்ல. இப்போது நாம் பார்க்கிற உருளைச் செயினை 1880-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் உருவாக்கினார். 1903-ல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட முதல் விமானத்தில் விசிறியைச் சுற்றியதும் செயின்தான். நம் அம்பத்தூர் வட்டாரமோ சைக்கிளுக்கும் செயினுக்கும் பேர்போன இடம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்திருப்பார்கள். செயின் செய்கிற ஊரைச் சுற்றி இருந்துகொண்டு செயினைக் கவனிக்காமல் விடலாமா?

புதுச் செயின் ஏன் தொய்கிறது?

"புது வண்டிதானே, அதற்குள் ஏன் லூஸ் ஆகிறது? மட்டமான செயினா?" என்று அந்தப் பையனின் தகப்பனார் கேட்டார். அப்படி இல்லை.

செயினில் இரண்டு பக்கமும் தகடு, நடுவில் பின், பின்னைச் சுற்றிப் புஷ், புஷ்ஷைச் சுற்றி உருளை இருக்கின்றன. தகடு ரப்பர் மாதிரி நீளுவதில்லை. பின்னும் புஷ்ஷும் உராய்ந்து தேய்வதால்தான் செயின் நீண்டுபோகிறது. புதிதாக இருக்கும்போது அவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் இருக்கும். முதல் சில மணி நேர ஓட்டத்தில் மேடு தேய்ந்து இரண்டும் ஒன்றுக்கொன்று படிந்துகொள்ளும். ஒரு கண்ணிக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால்கூட, 100 கண்ணியுள்ள செயின் ஒரு சென்டிமீட்டர் நீண்டுவிடும். இது முதல் ஓட்டத்தில்தான் வேகமாக நடக்கும். பிறகு மெதுவாகிவிடும்.

ஆகவே, புது வண்டியின் செயினை முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் ஒரு தடவை, பத்து மணி நேரம் ஓடியபின் ஒரு தடவை அவசியம் பார்க்க வேண்டும். பெட்டியில் வந்த வண்டியானால் ஓட்டுவதற்கு முன்பே ஒரு தடவை பாருங்கள். சக்கர நட்டு, ஹேண்டில் போல்ட், பிரேக் எல்லாவற்றையும் அப்போதே ஸ்பேனர் போட்டுச் சோதித்துவிடுங்கள்.

தொய்வும் கெடுதல், விறைப்பும் கெடுதல்

செயின் அதிகம் தொய்ந்தால் பல்சக்கரத்தைவிட்டு நழுவும். நழுவிய செயின் இன்ஜின் மூடியை உடைக்கும். சில சமயம் சுருண்டு இறுகிச் சக்கரத்தையே பூட்டிவிடும். மோட்டார் சைக்கிளில் பூட்டுவது ஒரு சக்கரம். செயினில் ஓடும் நாற்சக்கர வண்டிகளில் பெரும்பாலும் பின்சக்கரம் இரண்டும் ஒரே ஆக்சிலில் இருப்பதால் இரண்டும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். வரப்புச் சரிவில் அது நடந்தால் ஓட்டுகிறவர் கதி என்ன ஆகும்?

சரி, இறுக்கிக் கட்டிவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். அதுவும் தப்பு. மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும்போது பின் ஆக்சிலைத் தாங்குகிற கை மேலும் கீழும் ஆடும். முன் பல்சக்கரம், அந்தக் கை மாட்டியிருக்கிற அச்சு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வருகிறபோது செயின் கடக்க வேண்டிய தூரம் மிக அதிகமாகும். ஆள் உட்கார்ந்து சுமையும் ஏற்றினால் வண்டி தாழ்ந்து அந்த நிலைக்கு நெருங்கும். வெறும் வண்டியிலேயே விறைப்பாக இருந்த செயின், அப்போது கியர்பாக்ஸ் அச்சையும் பேரிங்கையும் பிடித்து இழுக்கும். எண்ணெய் சீல் போகும், பேரிங் போகும், கடைசியில் செயினே அறுந்து போகும். மாங்காட்டுப் பையன் வண்டியில் எண்ணெய் கசிந்ததற்கு இதுதான் காரணம்.

செய்யும் முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இதை மறக்கவே கூடாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள்.

2. ஆளை உட்கார வைத்து அளப்பதா, வெறும் வண்டியில் அளப்பதா என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்து அதன்படி செய்யுங்கள். இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவில், செயினின் கீழ்ப்பாகத்தை ஒரு குச்சியால் மேலே தள்ளிக் கீழே விட்டு, எவ்வளவு ஆடுகிறது என்று அளவுகோலால் அளந்து பாருங்கள்.

3. ஒரே இடத்தில் அளந்துவிட்டுப் போகாதீர்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. கட்டையை எடுத்து, வண்டியை ஒரு சாண் முன்னால் தள்ளி, மறுபடி கட்டை கொடுத்து அளக்க வேண்டும். இப்படி நாலைந்து இடத்தில் பாருங்கள். எங்கே மிகவும் விறைப்பாக இருக்கிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

4. எவ்வளவு ஆட்டம் இருக்கலாம் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அதுவே சரியான கணக்கு. நம் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர், அதாவது சுமார் ஓர் அங்குலம் சொல்லியிருப்பார்கள். புத்தகம் அந்நிய பாஷையில் இருந்தாலும் படமும் எண்ணும் புரியும். புரியாவிட்டால் விற்றவரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

5. ஆள் உட்கார்ந்திருந்தால் இனி இறங்கலாம். பின் ஆக்சிலின் பேரிங் கூட்டைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம், தளர்த்தினால் போதும். சில வண்டியில் பின்னால் தள்ளுவதற்குத் தனித் திருகு போல்ட் இருக்கும். அதை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்புங்கள். இரண்டு பக்கமும் திருகு இருந்தால் இரண்டையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். வேறு சில வண்டியில் பேரிங் கூடே வட்டமாக இருக்கும், ஆக்சில் அதன் நடுவில் இல்லாமல் ஓரமாகப் பொருந்தியிருக்கும். அந்தக் கூட்டைக் கொஞ்சம் சுற்றினாலே ஆக்சில் நகர்ந்து செயின் இறுகும்.

6. அளவு வந்ததும் தளர்த்திய போல்ட்டுகளை நன்றாக முடுக்குங்கள். முடுக்கியபின் முன்பு அளந்த முறையிலேயே மறுபடி அளந்து பாருங்கள். முடுக்கும்போது அளவு மாறிவிடுவது உண்டு.

7. பின்னால் குனிந்து நின்று செயினை நேராகப் பாருங்கள். இரண்டு பல்சக்கரமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பல்லின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் ஆக்சில் கோணல் என்று அர்த்தம்.

8. கடைசியாகப் பிரேக். ஆக்சிலைப் பின்னால் தள்ளினால் கம்பி பிரேக்கின் அளவும் மாறிவிடும். பிரேக்கை மிதித்துப் பார்த்து, வேண்டுமானால் சரிசெய்த பிறகே வண்டியை எடுங்கள்.

செயின் லாக்கும் எண்ணெயும்

செயினை இணைக்கிற லாக்கில் ஒரு சின்னக் கிளிப் இருக்கும். அதன் ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை பிளந்திருக்கும். செயின் ஓடுகிற திசையில் மூடிய முனை முன்னால் போக வேண்டும். லாக் மேல்பக்கம் இருக்கும்போது மூடிய முனை வண்டியின் முன்பக்கம் பார்த்திருந்தால் சரி. திருப்பிப் போட்டால் கல்லோ குச்சியோ தட்டிக் கிளிப் கழன்றுவிடும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். இந்த வண்டிக்கு அச்சாணி அந்தக் கிளிப்தான்.

சேற்றில் ஓடிய செயினை அன்றைக்கே மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். பெட்ரோல் வேண்டாம். சில செயினில் கண்ணிக்குக் கண்ணி ரப்பர் வளையம் இருக்கும், பெட்ரோல் அதைக் கெடுக்கும், தீப்பிடிக்கும் பயமும் உண்டு. துடைத்தபின் கியருக்கு ஊற்றுகிற 90 ஆயிலைக் கீழ்ச்செயினின் உள்பக்கமாகச் சொட்டு விடுங்கள். வேலை முடிந்து செயின் சூடாக இருக்கும்போது விட்டால் எண்ணெய் உள்ளே இறங்கும். மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மணல் ஒட்டிக்கொண்டு அரத்தைப் போல் அராவும்.

ஒரு விஷயத்தை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினை ஓடவிட்டுச் சக்கரம் சுற்றும்போது எண்ணெய் விடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. சீக்கிரம் முடியும் என்று நானும் கல்லூரியில் படிக்கும்போது அப்படித்தான் செய்தேன். துணி செயினில் சிக்கியது, துணியோடு விரலும் போனது. என் இடது கை ஆள்காட்டி விரலின் நுனி இன்றைக்கும் இல்லை. கூட்டங்களில் நான் இலையைப் பிடித்துக் காட்டும்போது உங்களில் சிலர் கவனித்திருக்கலாம். மிச்சமானது இரண்டு நிமிஷம், போனது ஆயுசுக்கும் ஒரு விரல். ஆகவே இன்ஜின் ஓடும்போது செயின் பக்கம் கை போகவே கூடாது. பிள்ளைகளையும் பக்கத்தில் விடாதீர்கள்.

எப்போது மாற்றுவது?

செயினில் 420, 428 என்று எண் பொறித்திருக்கும். முதல் எண் 4 என்றால் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். செயினை இழுத்துப் பிடித்து 21 பின்கள் எண்ணி, முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடுவரை அளந்தால் புதுச் செயினில் 254 மில்லிமீட்டர் இருக்கும். அது 259 ஆகிவிட்டால் நூற்றுக்கு இரண்டு பங்கு நீண்டுவிட்டது, மாற்றியாக வேண்டும். பல்சக்கரத்தின் பல் கொக்கி மாதிரி ஒரு பக்கம் வளைந்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். செயினையும் இரண்டு பல்சக்கரத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும்.

வெளிநாட்டு வண்டியாயிற்றே, செயினுக்கு எங்கே போவது என்று பயப்பட வேண்டாம். 428 எண் செயின் நம் மோட்டார் சைக்கிள்களிலும் இருக்கிறது. எண்ணும் கண்ணிக் கணக்கும் சரியாக இருந்தால் பூவிருந்தவல்லியிலோ அம்பத்தூரிலோ கடையில் கேட்டு வாங்கலாம்.

இன்னும் ஒன்று. பதிவு எண் இல்லாத மோட்டார் வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். பதிவில்லாத வண்டி தோட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும். பூ மார்க்கெட்டுக்கு வேண்டாம். ஒருவர் ஓட்டத்தான் இந்த வண்டி என்றால் ஒருவர்தான் ஏற வேண்டும், தோட்டத்துக்குள் ஓட்டினாலும் தலைக்கவசம் போட வேண்டும்.

மாங்காட்டுப் பையன் வண்டியில் செயினைத் தளர்த்தி அளவுக்குக் கொண்டுவந்தோம். எண்ணெய் சீல் மாற்ற மெக்கானிக்கை வரச் சொன்னோம். "இதுக்கா சார் இவ்வளவு நாள் பயந்தேன்? பத்து நிமிஷ வேலை" என்றான் பையன். உண்மைதான், பத்து நிமிஷ வேலைதான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி, மண்வெட்டியைக் கழுவி வைக்கிற மாதிரி, வாரத்துக்கு ஒரு நாள் அந்தப் பத்து நிமிஷத்தை வண்டிக்குக் கொடுங்கள். வண்டியும் நிலைக்கும், விரலும் நிலைக்கும்.

மல்லிகை மொட்டுப்புழுவைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.