ஆப்பிரிக்க சிக்லிட் வளர்ப்பு... மீனுக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்!

“எங்கள் வீட்டு போர் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். வாளியில் வெள்ளையாகப் படியும். கடையில் பார்த்த மஞ்சள், நீல நிற ஆப்பிரிக்க சிக்லிட் மீன்களை இந்தத் தண்ணீரில் வளர்க்க முடியுமா? கையில் இருப்பது 2 அடி தொட்டி. எத்தனை மீன் விடலாம்?”

திருக்கடையூரிலிருந்து வந்த இந்தக் கேள்வி, கடலோர டெல்டா முழுவதற்கும் பொருந்தும். அழகைப் பார்த்து மீன் வாங்கி, ஒரே வாரத்தில் பாதியைக் குப்பையில் கொட்டியவர்கள் பலர். மீன் சாவதற்குப் பெரும்பாலும் மீன் காரணமாக இருப்பதில்லை; தண்ணீரும், பொருந்தாத ஜோடியும்தான் காரணம்.

ஜிலேபியின் உறவுக்காரர்கள்

ஆப்பிரிக்க சிக்லிட் என்ற பெயர்தான் புதிது. அந்தக் குடும்பத்து மீன் ஒன்று டெல்டா மக்களுக்கு நன்கு பழக்கம். வாய்க்காலிலும் குளத்திலும் தூண்டிலில் சிக்கும் ஜிலேபிதான் அது. மொசாம்பிக் திலாப்பியா எனப்படும் இந்த மீன், 1952-ம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. எந்தத் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால், அதன் உறவுக்காரர்களான வண்ண சிக்லிட்கள் அப்படியல்ல.

கடைகளில் கிடைக்கும் வண்ண வகைகளில் பெரும்பாலானவை கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா என்ற இரண்டு பெரிய ஏரிகளைப் பூர்வீகமாகக் கொண்டவை. இரண்டும் நன்னீர் ஏரிகள். ஆனால், காரத்தன்மை கொண்டவை. மலாவியில் பி.ஹெச் சுமார் 7.8 முதல் 8.6 வரையும், டாங்கனிக்காவில் சுமார் 8.6 முதல் 9.2 வரையும் இருக்கும். எனவே, மென்மையான, அமிலத்தன்மை உள்ள தண்ணீரில் இவை நலிந்துவிடும்.

உப்பு வேறு... கடினம் வேறு!

கேள்வி கேட்டவரின் வாளியில் படியும் வெள்ளைக்குக் காரணம் கால்சியமும் மக்னீசியமும். இதுதான் கடினத்தன்மை, சிக்லிட்டுக்கு இது நல்லது. நாக்கில் கரிப்பதற்குக் காரணம் சோடியம் குளோரைடு, அதாவது கடல் உப்பு. இது அதிகமானால் ஏரி மீன்களுக்கு ஆகாது. கடலோரக் கிணறுகளில் இரண்டும் கலந்தே வருவதால் குழப்பம் ஏற்படுகிறது.

இதைத் தெரிந்துகொள்ள, பாசன நீர் பரிசோதனை அறிக்கையே போதும். அதில் பி.ஹெச், மின்கடத்தும் திறன், கால்சியம், மக்னீசியம், சோடியம், குளோரைடு அளவுகள் இருக்கும். பி.ஹெச் 7.8-க்கு மேல் இருந்து, கால்சியமும் மக்னீசியமும் மேலோங்கி இருந்தால் மலாவி மீன்களுக்குக் கவலையில்லை. சோடியமும் குளோரைடும் மேலோங்கி இருந்தால், சுத்தமாகப் பிடித்து வைத்த மழைநீரைக் கலந்து உப்பைக் குறைக்கலாம். அப்போது கடினத்தன்மையும் சேர்ந்து குறையும். அதை ஈடுகட்ட, கழுவிக் காயவைத்த கிளிஞ்சல் ஓட்டை உடைத்து, ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டரில் போட்டால் போதும். சுட்ட சுண்ணாம்பைப் போடக் கூடாது; பி.ஹெச் திடீரென ஏறி மீன்கள் செத்துவிடும்.

போர் தண்ணீரை இறைத்தவுடன் தொட்டியில் ஊற்றக் கூடாது. ஒரு நாள் காற்று மோட்டார் ஓடவிட்டுப் பிறகு பயன்படுத்த வேண்டும். வயல் வாய்க்கால் தண்ணீரை எடுக்கவே கூடாது. நெல்லுக்குத் தெளிக்கும் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லும்.

2 அடி தொட்டிக்கு எது?

மஞ்சள் லேபிடோகுரோமிஸ் உள்ளிட்ட மலாவிப் பாறை மீன்களுக்கு ‘ம்பூனா’ என்று பெயர். ஆண் மீன்கள் இடத்துக்காகச் சண்டையிடும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 56 லிட்டர்தான் கொள்ளும். அதில் அடிபட்ட மீனுக்கு ஓடி ஒளிய இடமிருக்காது. ம்பூனாவுக்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் தேவை. இது சுமார் 250 லிட்டர் கொள்ளும். கல்லையும் சேர்த்தால் எடை 300 கிலோவைத் தாண்டும். எனவே, உறுதியான இரும்பு ஸ்டாண்டு வேண்டும். ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் விடுவது நல்லது. கென்யி, ஆரட்டஸ் போன்ற முரட்டு வகைகளைப் புதியவர்கள் தவிர்க்க வேண்டும்.

2 அடி தொட்டிதான் இருக்கிறது என்றால், டாங்கனிக்காவின் குட்டிச் சங்கு மீன்கள் பொருந்தும். 5 சென்டிமீட்டருக்குள் வளரும் இவை, காலி நத்தை ஓட்டுக்குள் குடும்பம் நடத்தும். வயல் நத்தையின் காலி ஓடுகளை வேகவைத்துக் கழுவி, மணல் மீது பரப்பினால் வீடு தயார்.

கற்களை அடுக்கும்போது அவற்றைத் தொட்டியின் அடித்தளத்திலேயே உறுதியாக வைத்துவிட்டு, பிறகு மணலைப் போட வேண்டும். சிக்லிட்கள் மணலைத் தோண்டும். கல் சரிந்தால் மீனும் போகும், கண்ணாடியும் போகும்.

அவசரப்பட்டால் நஷ்டம்

யூரியாவை மண்ணில் இட்டால் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது விவசாயிகளுக்குத் தெரிந்ததே. தொட்டியிலும் அதேதான் நடக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற வேண்டும். இதைச் செய்யும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். பி.ஹெச் 7-லிருந்து 8-க்குப் போனால், நச்சு வடிவ அம்மோனியாவின் பங்கு சுமார் 10 மடங்கு கூடும். காரத் தண்ணீரில் வளரும் சிக்லிட் தொட்டியில் அவசரம் கூடாது என்பது இதனால்தான். பழைய தொட்டி ஒன்றின் ஃபில்டர் பஞ்சு கிடைத்தால் காலம் குறையும். அதன் பிறகு, வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும்.

ம்பூனா பாசி தின்னும் மீன். ஸ்பைருலினா கலந்த தீவனம் ஏற்றது. புழுவையும் மாமிசத்தையும் தொடர்ந்து கொடுத்தால் வயிறு உப்பிச் சாகும். சிறிதளவு தீவனம் நாளுக்கு இரண்டு வேளை, வாரம் ஒரு நாள் பட்டினி என்பது நல்ல முறை.

24 முதல் 28 டிகிரி வெப்பம் போதும். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மூடியைத் திறந்து, மேலே வலை போட்டு, மின்விசிறிக் காற்றுப் படும்படி செய்யலாம். ஐப்பசி, கார்த்திகைப் புயல் மழையில் மின்சாரம் போகும் ஊர்களில், பேட்டரி காற்று மோட்டார் அவசியம்.

குஞ்சும் வருமானமும்

ம்பூனா பெண் மீன், முட்டைகளை வாயில் வைத்து சுமார் 3 வாரம் அடைகாக்கும். அதுவரை பெரும்பாலும் இரை எடுக்காது. குஞ்சுகளை விற்க நினைப்பவர்கள் ஒரு தொட்டியில் ஒரே வகையை வளர்க்க வேண்டும். நெருங்கிய வகைகளைச் சேர்த்து வளர்த்தால் கலப்பினமாகிவிடும். சென்னை கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைகளில் அதற்கு மதிப்பிருக்காது.

தொட்டி மீன் தொட்டியோடு!

வளர்க்க முடியாத மீனை வாய்க்காலிலோ கோயில் குளத்திலோ விடுவது புண்ணியமல்ல. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950-களில் விடப்பட்ட நைல் கொடுவா, அங்கு மட்டுமே இருந்த பல சிக்லிட் வகைகளைக் காணாமல் போகச் செய்தது. இங்கும் ஜிலேபி பெருகிய குளங்களில் நாட்டு மீன்களுக்கு இடம் சுருங்கியது. வேண்டாத மீனை, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம்; வேறு வளர்ப்பாளருக்கும் தரலாம்.

தண்ணீரின் உப்பைக் குறைக்கவே முடியாதவர்களுக்கும் வழி உண்டு. இந்தியாவில் இயற்கையாகவே காணப்படும் சிக்லிட்கள் மூன்று. கரிமீனின் தம்பி போன்ற ஆரஞ்சு குரோமைடு அதில் ஒன்று. உப்பு கலந்த கழிமுக நீரில் வாழும் சிறிய மீன் அது. தாயும் தந்தையும் சேர்ந்து குஞ்சுகளைக் காக்கும்; குஞ்சுகள் பெற்றோரின் உடல் வழுவழுப்பைக் கொத்தித் தின்னும்.

ஆக, திருக்கடையூர் வாசகருக்கான பதில் இதுதான். முதல் வேலை நீர் பரிசோதனை. உப்பு குறைவு, கடினம் அதிகம் என்றால் 2 அடி தொட்டியில் சங்கு மீன். உப்பு அதிகம் என்றால் ஒரு ஜோடி ஆரஞ்சு குரோமைடு. மஞ்சளும் நீலமும்தான் வேண்டும் என்றால், 4 அடி தொட்டி வாங்கும் வரை காத்திருப்பதே லாபம்.