சுவரில்லா எதிரொலி: ஒலிப்பதிவுக் கூடத்தின் தாமதக் கருவி

எதிரொலி என்னும் சொல் தனக்குள்ளே ஒரு சுவரை வைத்திருக்கிறது. ஒலி சென்று ஒன்றன்மீது மோதி எதிர்த்து வந்தாலன்றி அச்சொல்லுக்குப் பொருளில்லை. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் விரைவில் செல்வது. ஆகவே கூவியவன் குரல் விநாடியில் பத்தில் ஒரு பங்கு கழித்து அவன் செவிக்கே திரும்ப வேண்டுமாயின், மலையோ மதிலோ அவனுக்கு 17 மீட்டருக்கு அப்பால் நிற்றல் வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தின் சிற்றறையில் அத்தகைய இடமில்லை. எனினும் அங்கே பாடகரின் குரல் ஒருமுறை ஒலித்து, சற்றே ஓய்ந்து, மீண்டும் ஒலிக்கிறது. அதனைச் செய்வது 19 அங்குல அகலமுள்ள ஓர் இரும்புப் பெட்டி. இருபுறமும் திருகாணி கொண்டு சட்டத்தில் பொருத்தப்படும் அப்பெட்டிக்குள் சுவருமில்லை, வெளியுமில்லை. எனவே அதனை எதிரொலிக் கருவி என்பது வழக்கே ஒழிய இலக்கணமாகாது. ஆங்கிலத்தில் அதனை டிலே என்பர். தாமதக் கருவி என்பதே தமிழில் அதற்குப் பொருந்தும் பெயர்.

தாமதத்தை உண்டாக்க முன்னாளில் காந்த நாடாவே துணையாயிற்று. பதிவு செய்யும் முனையும் திருப்பி ஒலிக்கும் முனையும் இரண்டு அங்குல இடைவெளியில் இருக்க, நாடா விநாடிக்கு 15 அங்குலம் ஓடுமாயின், குரல் 133 மில்லிவிநாடி தாழ்ந்து வெளிவரும். 1950-களில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் சாம் பிலிப்ஸ் என்பவர் தம் சன் ஒலிப்பதிவுக் கூடத்தில் இவ்வாறு உண்டாக்கிய ஒற்றை மறுஒலி அக்காலப் பாடல்கள் பலவற்றின் அடையாளமாயிற்று. ஆயின் நாடா தேயும், இரையும், உருளைகள் சிறிது தடுமாறினாலும் சுருதி நடுங்கும். இடைவிடாது நாள்தோறும் ஓடவேண்டிய பணிக்கு அது ஏற்றதன்று.

அத்தகைய பணி எது என்று கேட்கலாம். அதற்கு விடை இசையரங்கில் இல்லை, பேச்சரங்கில் இருக்கிறது. பெரிய மண்டபத்தின் பின்வரிசையினருக்காக நடுத்தூணில் ஓர் ஒலிபெருக்கி வைத்திருப்பதாகக் கொள்வோம். மேடைக்கும் தூணுக்கும் இடையே 30 மீட்டர். பேச்சாளரின் குரல் கம்பி வழியே நொடிப்பொழுதில் தூணை அடைந்துவிடும். காற்றின் வழியே வரும் அதே குரலோ 87 மில்லிவிநாடி பிந்தி வரும். கேட்போர் கண் மேடையை நோக்க, காது தூணை நோக்கும். சொற்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பும். 1949-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் தம் ஆய்வேட்டில் காட்டியது யாதெனின், ஒரே ஒலி சிறிது கால இடைவெளியில் இருமுறை வந்தால், முதலில் வந்த திசையையே காது ஒலியின் இருப்பிடமாகக் கொள்ளும் என்பதாகும். பின்வருவது ஓரளவு உரத்ததாயினும் அப்படியே. ஆகவே தூணிற்குச் செல்லும் குரலை 87 மில்லிவிநாடிக்கும் சற்றுக் கூடுதலாக நிறுத்தி வைத்து விடுத்தால், ஒலி பெருகுவது தூணிலாயினும் பேசுவது மேடையே என்று தோன்றும். உண்மை இத்துணை எளிது. அதனை நிறைவேற்றும் தூய தாமதந்தான் அரிதாயிருந்தது.

அது எண்களின் வழியே வந்தது. ஒலியைத் துண்டு துண்டாக அளந்து எண்களாக்கி அனுப்பலாம் என்ற கருத்தை ஆங்கிலேயப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் 1937-இலேயே பாரிசில் வகுத்துவிட்டார். தொலைபேசிக்காகப் பிறந்த அக்கருத்து, நினைவில் நிறுத்திவைக்கும் உறுப்புகள் மலிவாகும்வரை ஒலிப்பதிவுக் கூடத்திற்கு வரவில்லை. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் பிரான்சிஸ் லீ இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் பணிக்காக ஓர் எண்முறைத் தாமதக் கருவியை உருவாக்கியிருந்தார். அதில் இசையைச் செலுத்திப் பார்த்தால் என்ன என்று அவருடன் பணியாற்றிய பேரி பிளெஸ்ஸர் கேட்டார். அக்கேள்வியின் பயனாக 1971-இல் வந்ததே லெக்சிகன் நிறுவனத்தின் டெல்டா டி-101. கணிதத்தில் டெல்டா என்பது வேறுபாட்டையும், டி என்பது காலத்தையும் குறிக்கும். இரண்டும் சேர்ந்தால் கால இடைவெளி. கருவி செய்வது யாதோ அதுவே அதன் பெயர். நியூயார்க்கின் ஈவென்டைடு நிறுவனமும் ஏறத்தாழ அதே காலத்தில் தன் கருவியை வெளியிட்டது.

கருவியின் உள்ளே நடப்பதை வட்டமாக அடுக்கிய குடங்களைக் கொண்டு விளக்கலாம். ஒருவர் சுற்றி வந்து குடந்தோறும் அக்கணத்து ஒலியின் அளவை எண்ணாக இட்டுச் செல்கிறார். மற்றொருவர் அவரைத் தொடர்ந்து வந்து அவ்வெண்களை எடுத்து மீண்டும் ஒலியாக்குகிறார். இருவருக்கும் உள்ள இடைவெளியே தாமதம். இருவர் நடையின் விரைவையும் ஒரு மின்துடிப்பு ஆளுகிறது. குடங்கள் பலவாயின் நீண்ட தாமதம் கிடைக்கும். சிலவேயாயின் குறுகியதே கிடைக்கும்.

இங்கேதான் பொருளாதாரம் புகுகிறது. ஒலியை விநாடிக்கு 40,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 12 இரும இலக்கங்களால் எழுதினால், பத்தில் ஒரு விநாடிக்கே 48,000 இலக்கங்கள் வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் கிடைத்த நினைவுச் சில்லு ஒன்றில் 1,024 இலக்கங்களே அடங்கின. அவ்வாறாயின் 47 சில்லுகள். முழு விநாடிக்கு 469. சில்லு ஒவ்வொன்றும் காசு, ஒவ்வொன்றும் வெப்பம். பத்தாண்டு கழித்து 65,536 இலக்கம் கொள்ளும் சில்லு வந்தபோது அதே ஒரு விநாடிக்கு எட்டே போதும் என்றாயிற்று. 1985-இல் டென்மார்க்கின் டி.சி. எலக்ட்ரானிக் நிறுவனம் வெளியிட்ட 2290 என்னும் கருவியில் 32 விநாடி வரை நினைவைப் பெருக்க இயன்றது.

இடைப்பட்ட ஆண்டுகளில் பொறியாளர் செய்தது சிக்கனம். அளக்கும் தடவையைக் குறைத்தால் அதே குடங்களில் நீண்ட காலத்தை அடக்கலாம். ஆனால் அளக்கும் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்களை எண்முறை தாங்காது. தாங்கச் செய்யின் வேறு சுருதியாய்த் திரிந்து வரும். எனவே உச்ச ஒலிகளை முன்கூட்டியே வடிப்பான் வைத்துத் தடுத்தனர். பல கருவிகளின் முகப்பில் தாமதத்தை இரட்டிக்கும் ஒரு பொத்தான் உண்டு. அதனை அழுத்தினால் காலம் இருமடங்காகும். ஒலியின் மேற்பகுதியோ பாதியாய்க் குறையும். அவ்வாறே இரும இலக்கம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 டெசிபல் தெளிவைத் தரும். 12 இலக்கமெனில் 72. அக்குறையை மறைக்க ஒலியைச் சுருக்கி எழுதி விரித்துப் படிக்கும் உபாயம் கையாளப்பட்டது. திரும்பிய ஒலியை மீண்டும் உள்ளே விட்டுப் பலமுறை ஒலிக்கச் செய்யும் சுற்றிலும், அது ஒவ்வொரு முறையும் வடிப்பானைக் கடந்து மேலும் மேலும் மங்கிற்று. மங்கி மங்கித் தேயும் அவ்வொலி, பாடகரின் குரலுக்கு வழிவிட்டுப் பின்னே ஒதுங்கி நின்றது. யாரும் அழகெனத் திட்டமிடாத அது, கேட்போர்க்கு அழகாகவே அமைந்தது.

இசைக்கலைஞர் இதனை விரைவில் கண்டுகொண்டனர். இங்கிலாந்தின் பர்ன்லி நகரத்து ஏ.எம்.எஸ். நிறுவனம் 1978-இல் வெளியிட்ட டி.எம்.எக்ஸ். 15-80 என்னும் கருவி, சிறு கணிப்பொறியால் ஆளப்படுவது. மார்ட்டின் ஹானெட் என்னும் ஒலிப்பதிவாளர் ஜாய் டிவிஷன் குழுவினர்க்காக அந்நிறுவனத்தின் தாமதக் கருவியைத் தாள ஒலிகளில் பயன்படுத்தினார். தாளம் ஏதோ வெற்றுக் கூடத்தில் ஒலிப்பது போன்று விரிந்தது. எழுதுவதை நிறுத்திப் படிப்பதை மட்டும் தொடரச் செய்தால், உள்ளே அகப்பட்ட ஒலி திரும்பத் திரும்ப ஒலிக்கும். ஒலித்துண்டுகளைச் சேமித்து வேண்டுங்கால் எழுப்பும் சாம்பிளர் கருவிக்கு இதுவே முன்னோடி எனலாம். மின்துடிப்பின் விரைவை மெல்ல ஏற்றி இறக்கினால் எழுதிய விரைவு ஒன்று, படிக்கும் விரைவு ஒன்றாகிச் சுருதி அசையும். ஒருவர் குரல் பலர் குரலாகும். மண்டபத் தூணுக்காகத் தேடிய தாமதம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

இன்று நினைவகத்திற்கு விலை என்பதே இல்லையென்னும்படி ஆகிவிட்டது. கைக்கணிப்பொறி எதுவும் பல மணிநேரத் தாமதத்தையும் குறையின்றித் தரவல்லது. எனினும் பழைய பெட்டிகள் தேடப்படுகின்றன. மின்தேக்கிகள் உலர்ந்துபோவதும், எண்காட்டிகள் அணைவதும், இனிச் செய்யப்படாத சில்லுகள் செயலிழப்பதும் அவற்றின் இன்றைய நோய்கள். போலிகளும் எழுந்துள்ளன: கோர்க் நிறுவனம் 1982-ஆம் ஆண்டுத் தன் எஸ்.டி.டி.-3000 கருவியைக் காலால் இயக்கும் வடிவில் 2014-இல் மீண்டும் செய்தது; 2290 கருவியின் மென்பொருள் வடிவம் 2018-இல் வந்தது. இப்போலிகள் உழைப்பதெல்லாம், முன்னோர் வேண்டா வெறுப்பாய் ஏற்ற குறைகளை வேண்டி விரும்பி மீட்பதற்கே. எஸ்.டி.டி.-3000-இன் போலியில் பெரிதும் பேணப்பட்டது தாமதமன்று. ஒலி எண்ணாக மாறுமுன் கடந்துசெல்லும் முன்பெருக்கி, அது ஒலிக்கு ஏற்றும் சாயல்.

பழுதுபார்ப்போர்க்கு இதில் மெய்யான இடர்ப்பாடு ஒன்றுண்டு. உலர்ந்த மின்தேக்கியை அகற்றிப் புதியதை இட்டாலன்றிக் கருவி இயங்காது. அவ்விடத்தில் இன்றைய துல்லியமான உறுப்பை இட்டு வடிப்பானின் அளவையும் சீராக்கினால், அளவுமானி முன்னையினும் நன்றெனக் காட்டும், உரிமையாளரோ தம் கருவி தொலைந்துவிட்டதென்பார். ஆகவே தேர்ந்த கைகள் முதலில் மின்வழங்கியை மட்டும் புதுப்பித்து, ஒலி செல்லும் வழியிலுள்ள உறுப்புகளை ஒவ்வொன்றாய்ச் சோதித்து, கெடாதவற்றை அப்படியே விட்டுவிடுகின்றன.