கட்டற்ற மென்பொருளும் தமிழ் நூற்பட்டியலாக்கமும்: கோஹாவை முன்வைத்து

முன்னுரை

நூலகத்தில் இருக்கும் நூல் பட்டியலில் பிழையாகப் பதிவாகுமாயின், ஆய்வாளரைப் பொறுத்தவரை அது இல்லாத நூலே ஆகும். பதிப்பு வரலாறு, இதழியல் வரலாறு முதலிய தமிழியல் ஆய்வுகள் பலவும் நூற்பட்டியலின் துல்லியத்தைச் சார்ந்தே அமைகின்றன. நூலகங்கள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறும்போது பட்டியலாக்கப் பணியில் கருத வேண்டியவற்றைக் கோஹா என்னும் நூலக மேலாண்மை மென்பொருளை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

கோஹாவின் தோற்றமும் வளர்ச்சியும்

நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளை பயன்படுத்திவந்த பழைய அமைப்பு 2000 ஆம் ஆண்டின் தேதி மாற்றத்தை ஏற்கும் நிலையில் இல்லை. எனவே 1999 இல் கட்டிப்போ என்னும் நிறுவனத்தைக் கொண்டு அவ்வறக்கட்டளை புதிய மென்பொருளை உருவாக்கியது. அது 2000 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. குனூ பொது உரிமத்தின்கீழ் அனைவருக்கும் வழங்கப்பட்டது. ‘கோஹா’ என்பது கொடை எனப் பொருள்படும் மாவோரிச் சொல்.

நூல் விவரங்களைக் கணினிகளுக்கிடையே பரிமாறுவதற்கான மார்க் வடிவம் தொடக்கத்தில் இதில் இடம்பெறவில்லை. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து நெல்சன்வில் பொது நூலகம் கோஹாவை ஏற்க முனைந்தபோது, அதன் ஆதரவுடன் அவ்வசதி சேர்க்கப்பட்டது. ஒரு நூலகம் தன் தேவைக்காகச் செய்வித்த திருத்தம் எல்லா நூலகங்களுக்கும் உரியதாயிற்று. கட்டற்ற மென்பொருளின் அடிப்படைப் பயன் இதுவே. விலையின்மை அதற்கு அடுத்ததே.

தமிழ்ப் பதிவுகளில் எழும் சிக்கல்கள்

முதலாவது, பெயர். உ. வே. சாமிநாதையர் என்பதில் ‘உ’ ஊரையும் ‘வே’ தந்தையையும் குறிக்கும். இரண்டும் குடும்பப் பெயர் அல்ல. குடும்பப் பெயரை முன்னிறுத்தும் மேலைமரபு இங்குப் பொருந்தாது. சாமிநாத ஐயர், உ.வே.சா. முதலிய வடிவங்களும் வழங்குவதால், ஒன்றை நிலைப்பெயராகக் கொண்டு ஏனையவற்றை அதனோடு இணைக்கும் பெயர்ப்பதிவு தேவை. மார்க் வடிவப் பெயர்ப்பதிவில் நிலைப்பெயர் 100 ஆம் புலத்திலும் மாற்று வடிவங்கள் 400 ஆம் புலத்திலும் இடம்பெறும்.

இரண்டாவது, எழுத்துக் குறியாக்கம். ‘மௌனி’ என்பதில் ஔகாரக் குறிக்கு மாற்றாக எகரக் குறியையும் ளகர எழுத்தையும் தனித்தனியே உள்ளிட்டால், திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ அவை வேறுவேறு சொற்கள். ஒன்றைத் தேடுவோர்க்கு மற்றொன்று கிட்டாது.

மூன்றாவது, அகரவரிசை. ஒருங்குறியின் குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், வகரம் ழகரத்துக்குப் பின்னும் நிற்கின்றன. எண்வரிசையை மட்டும் கொண்டு அடுக்கினால் தமிழ் நெடுங்கணக்கு முறை சிதையும்.

மாற்றத்தின் படிநிலைகள்

பழைய பதிவுகளை அப்படியே புதிய மென்பொருளுக்குக் கொண்டுசெல்வது பழைய பிழைகளையும் உடன்கொண்டுசெல்வதாகும். ஆதலின், பதிவுகளை முதலில் ஒருங்குறிக்கு மாற்றி, மேற்கண்ட எழுத்துப் பிழைகளைக் களைதல் வேண்டும். அடுத்து, பழைய தரவின் ஒவ்வொரு கூறும் மார்க் வடிவின் எப்புலத்துக்கு உரியது என வரையறுக்க வேண்டும். பின்னர், சிறு தொகுதியொன்றை மாற்றி, தலைப்புப் பக்கத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே முழுத் தரவையும் மாற்றுதல் நன்று. உரிமக் கட்டணம் இல்லையெனினும் வழங்கி, பணியாளர் பயிற்சி, தொடர் பராமரிப்பு ஆகியவற்றுக்கு நிதி ஒதுக்குதல் இன்றியமையாதது.

முடிவுரை

மென்பொருள் மாற்றம் பட்டியலைத் தானாகச் செம்மையாக்காது. எந்தப் பெயர் நிலைப்பெயர், எந்தப் பதிப்பு முதற்பதிப்பு என்பனவற்றைத் தமிழறிவே தீர்மானிக்க இயலும். மூலநிரல் திறந்திருப்பதால், நெல்சன்வில் நூலகம் செய்ததுபோல், தமிழுக்குரிய தேடல், வரிசைத் திருத்தங்களைத் தமிழ் நூலகங்களும் கூட்டாகச் செய்து பொதுவில் வைக்கலாம். அதற்குரிய விதிகளை வகுப்பதில் நூலகருடன் தமிழாய்வாளரும் பங்கேற்பது, நாளைய ஆய்வுக்குரிய மூலங்களைக் காக்கும் பணியாக அமையும்.