வெட்டாத கத்தி

எலுமிச்சம்பழம் நறுக்கிய கத்தியை அலம்பாமல் அப்படியே மேடைமேல் போட்டுவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்ட குரலுக்கு ஓடியிருக்கிறீர்களா? ஓடாத இல்லத்தரசி எந்த ஊரில் இருக்கிறாள்! அரை மணி பேசிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், கத்தி பளிச்சென்று கிடக்கிறது. ஒரு தடவை குழாயில் காட்டினால் தீர்ந்தது.

இதே அலட்சியத்தைப் பாட்டி காலத்து இரும்பு அரிவாள்மணையிடம் காட்டிப் பாருங்கள். மாங்காய் நறுக்கிய இடத்தில் கறுப்புப் படிந்து நிற்கும். ஈரத்தோடு இரவு விட்டால் காலையில் துரு பூத்திருக்கும். அப்புறம் செங்கல் தூளும் தேங்காய் நாரும் நம் கைகளும் படவேண்டிய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அந்தப் பாட்டை நமக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்கள் இரண்டு ஆங்கிலேயர்கள். ஒருவர் பெயர் ஹாரி பிரியர்லி, உருக்கு ஆராய்ச்சிக்காரர். இன்னொருவர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட். கத்தித் தொழிலாளிகளை மேய்த்த மேனேஜர். முதல்வரைச் சொந்த ஊர் "வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த மனிதர்" என்று கேலி செய்தது. இரண்டாமவரைக் கேலி செய்யக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அடியோடு மறந்துவிட்டார்கள்.

இருவருக்கும் ஊர் ஷெபீல்டு. திண்டுக்கல் என்றால் பூட்டு என்கிறோமே, அதுபோல இங்கிலாந்தில் ஷெபீல்டு என்றால் கத்தி. பதினாலாம் நூற்றாண்டுக் கவிஞர் சாஸர் தம் கதைப் பாத்திரம் ஒன்றின் காலுறையில் ஷெபீல்டுக் கத்தியைச் செருகியிருக்கிறார் என்றால், அந்த ஊரின் பெருமை எத்தனை பழசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழம் பெருமையில் ஒரு சங்கடமும் உண்டு. "கத்தியைப் பற்றி நமக்கு இனிமேல் யார் சொல்லிக் கொடுப்பது?" என்ற எண்ணம் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது.

ஹாரி 1871-ல் பிறந்தான். வீட்டில் ஒன்பது குழந்தைகள், அவன் எட்டாவது. தகப்பனார் பர்த் கம்பெனியின் உலையில் மூசை வைத்து உருக்குக் காய்ச்சும் தொழிலாளி. பையனுக்குப் பன்னிரண்டு வயதானதும் பள்ளிக்கூடம் போதும் என்றாயிற்று. அப்பாவோடு உலைக்களத்தில் எடுபிடி. பிறகு அதே கம்பெனியின் ஆராய்ச்சிச்சாலையில் சீசா கழுவுகிற உத்தியோகம். சீசா கழுவியவன் கழுவியதோடு நிற்கவில்லை. இரவில் உட்கார்ந்து கணக்குப் படித்தான், ரசாயனம் படித்தான். ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்த ரீகா நகரத்து உருக்காலைக்குப் போய்ச் சில வருஷம் வேலை பார்த்தான். 1908-ல் ஷெபீல்டின் இரண்டு பெரிய கம்பெனிகள் கூட்டாக ஓர் ஆராய்ச்சிச்சாலை வைத்தபோது, அதற்குத் தலைவராக வந்து உட்கார்ந்தவர் அந்தப் பழைய சீசா கழுவிதான். இனிமேல் அவரை "அவன்" என்று எழுதுவது மரியாதையில்லை.

1912-ல் அவரிடம் வந்த வேலைக்கும் சமையலறைக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. துப்பாக்கிக் குழல்களின் உட்புறம் சீக்கிரத்தில் அரித்துப்போகிறது, அதற்கு என்ன பரிகாரம் என்று கேட்டார்கள். பிரியர்லி உருக்கில் குரோமியம் என்ற உலோகத்தைக் கூட்டியும் குறைத்தும் கலந்து பார்த்தார். 1913 ஆகஸ்டில் மின்சார உலையில் வார்த்த ஒரு கலவையில் நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியம், கரி 0.24 பங்கு.

உருக்கின் உட்கட்டைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டுமானால், துண்டைப் பளபளவென்று தேய்த்து, அதன்மேல் திராவகத்தைத் தடவுவார்கள். திராவகம் அரித்த கோடுகள்தான் உருக்கின் ஜாதகம். இந்தத் துண்டோ திராவகத்தைச் சட்டை செய்யவில்லை! வேறு யாராவது இருந்தால் "சனியன்" என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். பிரியர்லிக்குச் சுருக்கென்று வேறொரு யோசனை ஓடிற்று. திராவகத்துக்கே அசையாதது எலுமிச்சம்பழச் சாற்றுக்கு அசையுமா? காடிக்கு? இரண்டையும் ஊற்றிப் பார்த்தார். கறை இல்லை. துப்பாக்கி பின்னுக்குப் போயிற்று. சாப்பாட்டு மேஜை முன்னுக்கு வந்தது.

ஏன் மேஜைக்கு அவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்து ஆங்கில வீடுகளில் கத்தி துலக்குவது ஒரு பெரிய உபத்திரவம். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு கத்திகளைத் தோல் ஒட்டிய பலகையில் பொடி போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்த கையோடு துடைத்து உலர்த்த வேண்டும். கொஞ்சம் பணமுள்ள வீடுகளில் இதற்கென்றே ஒரு பையன் சம்பளத்துக்கு இருப்பான். பையனை வைத்துக்கொள்ள முடியாத வீடுகளில் அந்த வேலையைச் செய்தது யார் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

பிரியர்லி தம் முதலாளிகளிடம் சொல்லிப் பார்த்தார். அவர்கள் அவ்வளவு உற்சாகம் காட்டவில்லை. அவர் விடவில்லை. ஊரிலுள்ள பேர்போன இரண்டு கத்திக் கம்பெனிகளுக்கு உருக்கு போயிற்று. இரண்டு இடத்திலிருந்தும் வந்த தீர்ப்பு ஒன்றே: இதை அடிக்கவும் முடியவில்லை, சாணை பிடிக்கவும் முடியவில்லை, பதம் ஏறவில்லை, கூர் நிற்கவில்லை. ஆக, வெட்டாத கத்தி!

கைதேர்ந்த தொழிலாளிகள் பொய் சொல்லவில்லை. அவர்கள் செய்த கத்தி வாஸ்தவமாகவே வெட்டவில்லை. காரணம் இதுதான். கத்திக்குக் கடினம் கொடுப்பது உருக்கிலுள்ள கரி. உருக்கைச் சிவக்கக் காய்ச்சித் திடீரென்று குளிரவைத்தால் கரி உள்ளே அகப்பட்டுக்கொண்டு உருக்கை இறுக்கும். கொல்லர்கள் இதைத்தான் தோய்ச்சல் போடுவது என்கிறார்கள். சாதாரண உருக்குக்கு ஏறக்குறைய 800 டிகிரி சென்டிகிரேடு சூடு போதும். பரம்பரைத் தொழிலாளி இதைத் தணலின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவான். ஆனால் குரோமியம் சேர்ந்தால் அது கரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. 1000 டிகிரியை ஒட்டிப் போனால்தான் கையை விடும். ஷெபீல்டுக்காரர்கள் தங்கள் பாட்டனார் காட்டிய நிறத்திலேயே தோய்ச்சல் போட்டார்கள். இளகின பாகுப் பதத்தில் இறக்கிவிட்டு மைசூர்பாகு உறையவில்லை என்று சர்க்கரையைக் குறை சொல்கிற கதைதான்.

எர்னஸ்ட் ஸ்டூவர்ட் இங்கேதான் வருகிறார். ராண்டால் தெருவில் போர்ட்லண்ட் ஒர்க்ஸ் என்ற கட்டடத்தில் மோஸ்லி கம்பெனியின் கத்திப் பகுதிக்கு அவர் மேனேஜர். 1914-ல் பிரியர்லி அவரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். துருப்பிடிக்காத உருக்காவது, இருப்பதாவது என்றுதான் ஸ்டூவர்ட்டும் முதலில் நினைத்தார். ஆனால் நினைத்ததோடு நிற்காமல் ஒரு துண்டைக் காடியில் ஊறப் போட்டுப் பார்த்தார். பிரியர்லி "துருவில்லா உருக்கு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த சரக்கை, "கறையில்லாதது", அதாவது "ஸ்டெயின்லெஸ்" என்று முதலில் சொன்னவர் ஸ்டூவர்ட். இன்றைக்கு உலகம் முழுவதும் புழங்குகிற அந்தப் பெயருக்கு ஒரு காலணா ராயல்டிகூட அவர் வாங்கவில்லை.

முதல் தடவை அடித்தபோது உருக்கின் விறைப்பில் பட்டறைச் சாமான்களே தேய்ந்துபோயின. இரண்டாம் தடவை சூட்டை ஒரேயடியாக ஏற்றிவிட்டார்கள். கத்தி கடினமாக வந்தது, ஆனால் கண்ணாடி மாதிரி ஒடிந்தது. மூன்றாம் தடவை பிரியர்லியையே பட்டறைக்கு வரவழைத்தார்கள். அவருக்குக் கத்தி செய்யத் தெரியாது. ஆனால் எந்தச் சூட்டில் அந்த உருக்கு பதமாகும் என்று தெரியும். ஸ்டூவர்ட்டுக்குச் சூடு தெரியாது. ஆனால் கத்தி தெரியும். இரண்டு பாதி அறிவும் ஒரே உலைக்கு முன்னால் சேர்ந்து நின்றன. கத்தி வெட்டிற்று!

பிரியர்லி அந்தக் கத்திகளில் சிலவற்றை எடுத்துப்போய்ச் சிநேகிதர்களுக்குக் கொடுத்து, "எந்தப் பண்டம் பட்டாவது கறை பிடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லி வைத்தார். ஒரு கத்திகூடத் திரும்பி வரவில்லை. கல்யாணத்துக்கு இரவல் கொடுத்த பாத்திரம் திரும்பி வராதது வேறு விஷயம். இது நல்ல விதமாக வராதது.

கத்தி வெட்ட ஆரம்பித்ததும் கம்பெனியின் மனசும் மாறியது. தங்கள் ஆராய்ச்சிச்சாலையில் நடந்ததால் கண்டுபிடிப்பும் தங்களுக்கே என்றார்கள். கத்திகளில் கம்பெனியின் பெயர் முத்திரையாக ஏறிற்று. பிரியர்லிக்குப் பணத்தைவிட அந்த முத்திரைதான் உறுத்தியது என்று எனக்குத் தோன்றுகிறது. சீசா கழுவி மேலே வந்த மனிதருக்கு ரோஷம் கொஞ்சம் அதிகந்தான். வேலையை உதறிவிட்டு, 1915-ல் பிரௌன் பேய்லி என்ற வேறு உருக்காலைக்குப் போய்விட்டார்.

சொந்த ஊர் கைவிட்டால் கடல் கடக்க வேண்டியதுதானே? இங்கிலாந்தில் பேடண்ட் எடுக்காமல் விட்டாயிற்று. ஜான் மாடக்ஸ் என்ற ஒரு வயதானவர் பிரியர்லியைத் தேடி வந்து, வெளிநாட்டில் எடுக்கலாம் என்று யோசனை சொன்னார். 1915-ல் கனடா கொடுத்தது. அமெரிக்கா முதல் மனுவைத் தள்ளியது. பிரியர்லி மறுபடியும் விண்ணப்பம் போட்டார். இந்தத் தடவை அவர் உரிமை கேட்டது வெறும் உலோகத்துக்கு அல்ல. 9 முதல் 16 பங்கு குரோமியம் சேர்த்து, பதமும் மெருகும் ஏற்றிய கத்திக்கு. 1916 செப்டம்பர் 5-ந் தேதி வாஷிங்டனிலிருந்து பேடண்ட் வந்து சேர்ந்தது. எந்தக் கத்தியை ஷெபீல்டு வெட்டாது என்று சொன்னதோ, அந்தக் கத்தியையே அமெரிக்க சர்க்கார் அவர் பெயரில் எழுதிக் கொடுத்தது.

அங்கேயும் ஒரு போட்டி. இந்தியானா மாகாணத்தில் எல்வுட் ஹேன்ஸ் என்பவர், மோட்டார் வண்டி செய்து புகழ் பெற்றவர், குரோமிய உருக்கைத் தாமே முன்பு கண்டதாக வழக்காடினார். மங்காத கத்தி, கரண்டி வேண்டுமென்று அவர் மனைவி கேட்டதால்தான் அவர் ஆராய்ச்சியில் இறங்கினார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, கேட்க நன்றாக இருக்கிறது. 1919-ல் அவருக்கும் ஒரு பேடண்ட் கிடைத்தது. சண்டையை வளர்க்காமல் இரு தரப்பும் ஒரே அமெரிக்கக் கம்பெனிக்குள் சேர்ந்துகொண்டன. இங்கிலாந்திலும் பர்த் கம்பெனி பிரியர்லியோடு சமாதானமாகி, 1917-ல் இருவர் பெயரையும் இணைத்து ஒரு கூட்டு ஸ்தாபனம் அமைத்தது.

இதற்கிடையில் யுத்தம். குரோமிய உருக்கெல்லாம் ஆகாயவிமான எஞ்சின் வால்வுகளுக்குப் போய்விட்டதால், சண்டை முடிகிறவரை வீட்டுக் கத்திக்கு உருக்கு கிடைக்கவில்லை. முடிந்த பிறகு சாமான் வெள்ளமாகப் பெருகிற்று. பெருகியதும் வேலை யார் தலையில் விழுந்தது தெரியுமா? மெருகு போடும் பெண்கள் தலையில். ஷெபீல்டில் கத்தி, கரண்டிகளுக்கு மெருகேற்றுவது பெண்களின் தொழிலாக இருந்தது. சுழலும் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கறுப்புப் பசை உடம்பில் ஒட்டாமலிருக்க, தலையில் சிவப்புத் துணியும், உடம்பைச் சுற்றிப் பழுப்புக் காகிதமும் கட்டிக்கொண்டு நின்றார்கள். கறை படியாத கத்தியின் கறையெல்லாம் அவர்கள் மேல்!

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் வீட்டு எவர்சில்வர் குடமும் தூக்கும் பிரியர்லியின் உருக்கேதானா? அல்ல, ஒன்றுவிட்ட சகோதரன். நல்ல பாத்திரத்தில் குரோமியத்தோடு நிக்கலும் உண்டு. அந்த வம்சத்துக்கு 1912-லேயே ஜெர்மனியின் குருப் கம்பெனி பேடண்ட் எடுத்தது. 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் என்ற கணக்கை 1924-ல் கொண்டுவந்தவர், பர்த் ஆராய்ச்சிச்சாலையில் பிரியர்லியின் நாற்காலியில் உட்கார்ந்த ஹாட்பீல்டு. வித்தியாசம் பார்க்க வேண்டுமானால், குழந்தை விளையாடுகிற காந்தத்தை எடுங்கள். கத்தியில் ஒட்டும், நல்ல நிக்கல் பாத்திரத்தில் பொதுவாக ஒட்டாது. வெள்ளி மட்டும் இரண்டிலும் குன்றிமணிகூடக் கிடையாது. அந்தப் பளபளப்பு, குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே போர்த்திக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய சவ்வு தருவது. கீறினால் தானே மறுபடி மூடிக்கொள்ளும். உப்புத் தண்ணீரை நாள் கணக்கில் ஊற வைத்தால் மட்டும் அதுவும் தோற்றுப்போய்ப் புள்ளி விழும். ஊறுகாய் ஜாடி இன்னும் பீங்கானாகவே இருக்கட்டும்.

பிரியர்லிக்கு மரியாதைகள் வரத்தான் வந்தன. 1920-ல் உருக்குத் தொழிலின் பெரிய விருதான பெஸ்ஸிமர் தங்கப் பதக்கம். 1939-ல் ஷெபீல்டு நகரத்தின் கௌரவ உரிமை. கேலி செய்த ஊர் அதைக் கொடுக்க கால் நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. 1941-ல் சுயசரிதை எழுதினார். அதே வருஷம் தம் பணத்தில் ஒரு தரும நிதியும் வைத்தார். 1948-ல் காலமானார்.

ஸ்டூவர்ட்டுக்குப் பதக்கம் இல்லை, சுயசரிதையும் இல்லை. என் அபிப்பிராயத்தைக் கேட்டால் பாதிப் பதக்கம் அவருக்குச் சேரவேண்டியது. காடியில் துண்டைப் போட்டுப் பார்த்தவர் அவர். இரண்டு தடவை கெட்டும் மூன்றாம் தடவை உலையை மூட்டியவர் அவர். அவர் வேலை பார்த்த போர்ட்லண்ட் ஒர்க்ஸை மாற்றிக் குடியிருப்பாக்க ஒரு யோசனை எழுந்தபோது, ஊர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டு 2013-ல் அதை விலைக்கு வாங்கிவிட்டார்கள். செங்கல் புகைபோக்கி அப்படியே நிற்கிறது. முற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் பட்டறைகள் நடக்கின்றன.